சுணை உள்ள நெல்

மன்னார்குடியில் எங்களுடையது மோட்டார் ரீவைண்டிங் கடை, அப்பா ஆரம்பித்தது. போர்செட் மோட்டார், கிரைண்டர் மோட்டார், ரைஸ் மில் மோட்டார், எது புகைந்து வந்தாலும் பிரித்து, கருகின காயிலை வெட்டியெடுத்து, புதுக் கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்துக் கொடுப்பதுதான் பிழைப்பு. அந்தக் கடைக்கு ஒரு சிற்பம் வந்தது. பதினான்கு மாதம் இருந்தது. இப்போது தஞ்சாவூரில் ஒரு சின்னக் காட்சியகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதைச் சரிசெய்ததில் தெரிந்துகொண்டதை நான் எழுதிவைக்காவிட்டால், அடுத்து அதைப் பிரிக்கப்போகிறவர் நான் செய்த அதே தப்பைச் செய்வார். அதனால் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

முதலில் அது என்ன என்று சொல்லிவிடுகிறேன். மன்னார்குடியிலிருந்து திருத்துறைப்பூண்டி போகிற வழியில் ஒரு கிராமம். அங்கே ஒரு டிராயிங் மாஸ்டர் இருந்தார், இப்போது உயிரோடு இல்லை. அவருடைய அப்பா அம்மா இரண்டு பேரும் பண்ணையில் கூலி வேலை பார்த்தவர்கள். மாஸ்டர் எண்பதுகளின் கடைசியில் மூன்று நான்கு வருடம், லீவு நாளில் எல்லாம் உட்கார்ந்து, ஒரே ஒரு இயந்திரம் செய்தார். ஏழடி உயரத்துக்கு ஆங்கிள் இரும்புச் சட்டம். மேலே ஒரு மரக்கால், அதற்குக் கீழே படி, அப்புறம் உரி, உழக்கு, ஆழாக்கு. ஐந்தும் ஊரில் வீடு வீடாகக் கேட்டு வாங்கிய பழைய அளவைகள். ஒவ்வொன்றும் ஒரு நெம்புகோலின் நுனியில் உட்கார்ந்திருக்கும், நெம்புகோலின் வால் ஒரு கேமின், அதாவது சுற்றச் சுற்ற அதை ஏற்றி இறக்குகிற கோணல் வட்டின், மேல் நிற்கும். கேம் ஐந்தும் புளியங்கட்டையில் அவரே இழைத்தது. கேம் சுற்றச் சுற்ற மரக்கால் மெதுவாகச் சாயும். நெல் படியில் விழும். படி கொள்ளாதது வழிந்து அடியில் இருக்கிற தகரத் தட்டுக்குப் போய்விடும். படி சாய்ந்து உரியில், உரி சாய்ந்து உழக்கில், அப்படியே ஆழாக்கு வரைக்கும். ஆழாக்குக்குக் கீழே ஏந்திய இரண்டு உள்ளங்கை, சிமெண்டில் செய்தது. கடைசியில் அதில் ஒரு பிடி நெல் விழும். அந்தக் கைக்கு விரலிடுக்கு உண்டு, அது வழியாக அந்த ஒரு பிடியும் ஒழுகித் தட்டுக்கே போகும். தட்டில் சேர்ந்ததை மில்லில் இருக்கிற மாதிரி ஒரு சின்ன பக்கெட் எலிவேட்டர் தூக்கிக்கொண்டு போய்த் திரும்ப மரக்காலில் கொட்டும்.

மாஸ்டர் இதற்கு விளக்கம் சொன்னதாக யாருக்கும் ஞாபகம் இல்லை. ஊரில் அதற்குப் பெயர் அளவு மெஷின். பார்த்தவர்களுக்கு விளக்கமும் தேவைப்பட்டிருக்காது. எங்கள் பக்கத்தில் கூலி நெல் என்பது வெறும் கணக்கு இல்லை. 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசையோடு கொளுத்திக் கொன்ற மண் இது, அந்தத் தகராறின் அடியில் கிடந்ததும் கூலி நெல்தான்.

மாஸ்டர் போனபிறகு மெஷின் வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் நின்றது. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வந்தபோது கொட்டகையும் பக்கத்துத் தென்னையும் சேர்ந்து அதன்மேல் விழுந்தன. அந்தச் சமயம் யாரும் அதைத் திரும்பிப் பார்க்கிற நிலைமையில் இல்லை. எங்கள் கடை வாசலிலேயே தண்ணீர் புகுந்த மோட்டார்கள் வரிசை கட்டிக் கிடந்தன, கரண்ட் வர வாரக்கணக்கானது. மெஷின் அப்படியே மழையிலும் வெயிலிலும் கிடந்தது. பிறகு ஒரு நாள் தஞ்சாவூரிலிருந்து ஒரு பெண் வந்தார். பழைய கலைப்பொருள்களைப் பழுதுபார்த்துப் பாதுகாக்கிற படிப்பு படித்தவர். காட்சியகத்துக்காக அந்த மெஷினை எடுத்துச் சரிசெய்ய வேண்டும், மோட்டார் வேலைக்கும் லேத் வேலைக்கும் உள்ளூரில் ஓர் ஆள் வேண்டும் என்று விசாரித்துக்கொண்டே என் கடைக்கு வந்து சேர்ந்தார்.

வந்த முதல் நாளே நான் தப்பு செய்தேன்.

கடைக்கு எந்தச் சாமான் வந்தாலும் முதலில் துருவை எடுப்பது பழக்கம். ஆங்கிள் கிரைண்டரில் வயர் பிரஷ்ஷை மாட்டி, நெம்புகோல்களை ஒவ்வொன்றாகத் தேய்க்க ஆரம்பித்தேன். மூன்றைத் தேய்த்துப் பளபளவென்று வரிசையாக வைத்திருந்தேன். மத்தியானம் அவர் வந்தார். தேய்க்காத நான்காவதைக் கையில் எடுத்து வெயிலில் சாய்த்துப் பார்த்தார். துருவுக்கு நடுவில் சிவப்பு எனாமல் பெயிண்டில் நான்கு புள்ளி. ஐந்தாவதில் ஐந்து புள்ளி. எதை எந்த இடத்தில் மாட்ட வேண்டும் என்பதற்காக மாஸ்டர் பிரஷ்ஷின் பின்பக்கத்தால் வைத்த அடையாளம். புள்ளியை விடுங்கள், ஒன்று இரண்டு மூன்று என்று யூகித்துவிடலாம். புள்ளிக்குப் பக்கத்தில் ஒரு கோடும் இருந்தது, எதிர் எடை எங்கே நிற்க வேண்டும் என்பதற்கான கோடு. மூன்று நெம்புகோலில் அந்தக் கோடு என் பிரஷ்ஷோடு போய்விட்டது.

அவர் திட்டவில்லை. "அண்ணே, இனிமே எதைத் தொடறதுக்கு முன்னாடியும் ஒரு போட்டோ எடுத்துடலாம்" என்றார், அவ்வளவுதான். எனக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. அந்தக் கோடு மாஸ்டர் எத்தனை நாள் நகர்த்தி நகர்த்திப் பார்த்துக் கண்டுபிடித்ததோ. பிறகு எடையை இறுக்குகிற போல்ட்டின் நுனி இரும்பில் பதிந்த பள்ளத்தைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினோம். இரண்டில் கிடைத்தது. மரக்கால் நெம்புகோலில் மட்டும் நான்கு பள்ளம் இருந்தது, நான்கில் எது கடைசி என்று சொல்ல முடியவில்லை. அதை அப்படியே விட்டுவைத்தோம்.

அடுத்தது மோட்டார். அரை எச்.பி. சிங்கிள் ஃபேஸ், நிமிடத்துக்கு 1440 சுற்று. அங்கிருந்து வி-பெல்ட்டில் நாலில் ஒன்றாகக் குறைந்து 360, அறுபதுக்கு ஒன்று கியர்பாக்ஸ் வழியாக 6, அப்புறம் 16 பல் சக்கரமும் 48 பல் சைக்கிள் செயின்வீலும் சேர்ந்து 2. அதாவது கேம் தண்டு ஒரு முறை சுற்ற அரை நிமிடம். கணக்கு சுத்தமாக இருந்தது, மாஸ்டர் யாரையோ நன்றாகக் கேட்டுத்தான் செய்திருக்கிறார். காயில் கருகியிருந்தது. மூடியைக் கழற்றி, காயில் உட்கார்ந்திருக்கிற ஸ்டேட்டரை வெளியே எடுத்ததும் எனக்குக் கை நின்றுவிட்டது. காயில் தலைப்பைக் கட்டியிருந்த பருத்தி நாடாவின் முடிச்சு. நாடாவை இரண்டு முறை உள்ளே விட்டு மூன்றாவது முறை மேல்பக்கமாகத் திருப்பிப் போடுகிற அந்த முடிச்சை எங்கள் அப்பாவைத் தவிர இந்தப் பக்கத்தில் யாரும் போட்டு நான் பார்த்ததில்லை. எப்போதோ மாஸ்டர் இந்த மோட்டாரை எங்கள் கடைக்கே கொண்டுவந்திருக்கிறார். அப்பா இறந்து ஒன்பது வருடம் ஆகிறது.

தஞ்சாவூர்ப் பெண்ணிடம் சொன்னேன். அப்போது நாங்கள் இரண்டு பேரும் நிறைய நேரம் பேசினோம், இதை வெட்டலாமா கூடாதா என்று. கருகின காயிலில் கரண்ட் விட்டால் தீப்பிடிக்கும், அதில் பேச்சே இல்லை. இதே மாதிரி வேறு பழைய மோட்டாரை மாட்டி, இதை அப்படியே எடுத்துவைக்கலாம். ஆனால் ஒவ்வொரு மோட்டாருக்கும் ஒரு முனகல் உண்டு, உடம்பு இரும்பு, மூடி, பேரிங் எல்லாம் சேர்ந்து வருவது அது. அதை விட்டுவிட அவருக்கு மனம் இல்லை. கடைசியில் வெட்டினேன். ஒவ்வொரு சுற்றாகப் பிரித்து எண்ணி, கம்பியின் தடிமனை மைக்ரோமீட்டரில் அளந்து, அதே கேஜ், அதே சுற்று எண்ணிக்கையில் புதிதாகச் சுற்றினேன். கட்டும்போது அப்பாவின் முடிச்சைத்தான் போட்டேன். பழைய காயில் முழுவதும் தேதி எழுதிய பையில் காட்சியகத்தின் பீரோவில் இருக்கிறது. தேய்ந்த புஷ் (தண்டைத் தாங்குகிற உலோக வளையம்), வெடித்த பெல்ட், துருப்பிடித்த ஒவ்வொரு போல்ட்டும் அங்கேதான் இருக்கிறது. ஆரம்பத்தில் இதெல்லாம் எனக்குக் காயலான் கடைக்குப் போக வேண்டிய சாமானாகத்தான் பட்டது. அப்புறம் ஒரு நாள் அந்தப் பைகளில் ஒன்று எங்களைக் காப்பாற்றியது, அதற்கு வருகிறேன்.

வார்னிஷ் காய்கிற நாள்களில் அவர் போனில் படங்கள் காட்டுவார். இந்த மாதிரி ஓடுகிற சிற்பங்களை வெளிநாடுகளில் என்ன செய்கிறார்கள் என்று. நாவும் காபோ என்பவர் 1919-20-ல் மாஸ்கோவில் ஒரு மெல்லிய கம்பியை நட்டுவைத்து மின்சாரத்தில் அதிரவிட்டிருக்கிறார். நின்றால் அது ஒரு கம்பி, வேறொன்றும் இல்லை. அதிர்ந்தால் காற்றில் வளைந்து வளைந்து ஓர் அலை நிற்கிறது. லண்டன் டேட் மியூசியத்தில் இருப்பது 1985-ல் திரும்பச் செய்தது. மொஹோலி-நாஜ் 1930-ல் செய்த, ஓட்டைத் தகடும் கண்ணாடியும் சுற்றிச் சுவரில் நிழலை ஓடவிடுகிற இயந்திரம் 1956-லிருந்து ஹார்வர்டில் இருக்கிறது. ஓட ஓட அதன் பாகங்கள் போய், மாற்றி, திரும்பப் போய், 1970-ல் இரண்டு நகல்கள் செய்தார்கள், 2006-ல் இன்னொன்று. லென் லை என்று ஒரு நியூசிலாந்துக்காரர், 1980-ல் இறந்தவர். அவருடைய வரைபடங்களை வைத்து, அவர் போனபிறகும் அவர் நினைத்த அளவுக்குப் பெரிதாகச் செய்துகொண்டே இருக்கிறார்கள். டிங்குவெலி என்கிற சுவிஸ்காரருக்கு பாசல் நகரத்தில் 1996-லிருந்து தனி மியூசியமே இருக்கிறது. அங்கே தரையில் ஒரு பொத்தான், காலால் மிதித்தால் இயந்திரம் கொஞ்ச நேரம் ஓடும், அப்புறம் அடுத்த ஓட்டத்துக்கு நாம் காத்திருக்க வேண்டும். அது எனக்கு உடனே பிடித்துப்போனது, மோட்டார் ஆற வேண்டும் என்று தெரிந்த ஆள் யாரோ வைத்த ஏற்பாடு. இதே டிங்குவெலி 1960 மார்ச் 17 அன்று நியூயார்க்கில், தன்னைத்தானே உடைத்துக்கொள்ள வேண்டும் என்றே ஓர் இயந்திரம் செய்து ஓடவிட்டார். அது தீப்பிடித்து, தீயணைப்புக்காரர்கள் வந்து அணைத்தார்கள். அதைப் பாதுகாப்பது எப்படி என்று நான் கேட்டேன். மிஞ்சிய துண்டுகளும் படங்களும் இருக்கின்றன, அவரே அவ்வளவுதான் விட்டுப்போக நினைத்தார் என்றார்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்று நான் திப்புவின் புலியைச் சொன்னேன். காவிரி நம்மிடம் வருவதற்கு முன்னால் ஸ்ரீரங்கப்பட்டணத்தைச் சுற்றிக்கொண்டு வருகிறது, அங்கே இருந்த பொம்மை அது. வெள்ளைக்காரன் ஒருவன் மேல் புலி ஏறி நிற்கும், கைப்பிடியைச் சுற்றினால் அவன் கை ஏறி இறங்கும், புலி உறுமும், அவன் முனகுவான். 1799-ல் திப்பு விழுந்ததும் லண்டனுக்குப் போய்விட்டது. அங்கே கிழக்கிந்தியக் கம்பெனி மாளிகையில் வைத்தபோது வருகிறவர்கள் எல்லாம் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி, பக்கத்து நூலகத்தில் படிக்கிறவர்களுக்குத் தொல்லை. ஒரு கட்டத்தில் கைப்பிடியே காணாமல் போனது. இரண்டாம் உலகப் போரில் கூரை விழுந்து நொறுங்கியது, துண்டு துண்டாகப் பொறுக்கி ஒட்டினார்கள். இப்போது விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் இருக்கிறது. நம்மூர் ஆள்களுக்குப் படத்தில்தான் தெரியும், அதன் உறுமலை எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்?

அப்புறம் தேர். அதைச் சொல்லாமல் எங்கள் பக்கத்து ஆள் இந்த விஷயத்தைப் பேச முடியாது. திருவாரூர் ஆழித்தேர் அப்பர் பதிகத்திலேயே வருகிறது. இன்றைக்கு ஓடுகிற தேரில் அப்பர் காலத்துக் கட்டை ஒன்றுகூட இல்லை. 1920களில் ஒரு தேர் எரிந்தே போய், 1930-ல் புதிதாகச் செய்தார்கள். பிறகு திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் போட்டுக் கொடுத்தது. அலங்காரம் முடிந்தால் 96 அடி, 300 டன் என்பார்கள். திருப்பத்தில் அதைத் திருப்புவது சக்கரத்துக்கு முன்னால் போடுகிற முட்டுக்கட்டை, அது ஒவ்வொரு வருடமும் நசுங்கிப் போகும், புதிதாக நூற்றுக்கணக்கில் அறுப்பார்கள். கட்டையை மாற்றிவிட்டார்கள், அதனால் இது பழைய தேர் இல்லை என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? ஓடினால் அது ஆழித்தேர். அதனால் நான் அவரிடம் அடித்துச் சொன்னேன், தேய்ந்ததை மாற்றுவோம், ஓடட்டும், ஓடினால் அது மாஸ்டருடைய மெஷின்தான்.

அதில் பாதிதான் சரி என்று பிறகு தெரிந்தது.

எல்லாம் மாட்டி முடித்தோம். மில்லில் பழைய நெல் இரண்டு மூட்டை வாங்கினோம், பூச்சி வரக் கூடாது என்று நன்றாகக் காயவைத்து, தூசி பறக்கக் கூடாது என்று இரண்டு முறை தூற்றி, சலித்துப் போட்டோம். மூன்று வாரம் கடையிலேயே ஓட்டிப் பார்த்தோம். ஒரு தடங்கல் இல்லை. மாஸ்டரின் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தோம். எழுபது வயதுக்கு மேல் ஆகிறது அவருக்கு. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து நாலு சுற்று பார்த்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஓடுது தம்பி" என்றார். "ஆனா யோசிக்க மாட்டேங்குது."

எனக்குப் புரியவில்லை. "என்னம்மா சொல்றீங்க?"

"மரக்கா சாஞ்சு அப்படியே நிக்கும். கொட்டுமா கொட்டாதான்னு பாத்துக்கிட்டே இருக்கணும். அப்புறம்தான் மொத்தமா விழும். களத்துல அளக்கிறவன் கை அப்படித்தான் நிக்கும். இது தண்ணி மாதிரி ஊத்துது."

அன்றைக்கு முதல் முறையாக அந்த மெஷின் எதைப் பற்றியது என்று எனக்குப் புரிந்தது. நாங்கள் அதை நன்றாக ஓடவைத்திருந்தோம். அந்த நிற்பு இல்லாமல் அது வெறும் நெல் கொட்டுகிற மெஷின். தேருக்கு இந்தக் கஷ்டம் இல்லை, ஏனென்றால் வருடா வருடம் ஓட்டுகிற கைகள் இருக்கின்றன, முட்டுக்கட்டையை எந்தக் கணத்தில் போட வேண்டும் என்று அப்பாவைப் பார்த்துப் பிள்ளை கற்றுக்கொள்கிறான். எங்கள் மெஷின் நின்று பல வருடம் ஆகிவிட்டது. அதன் நடை தெரிந்த ஒரே ஆள் இந்த அம்மாதான், அதையும் அவரால் சொல்லத்தான் முடியும்.

காரணத்தைத் தேட ஆரம்பித்தோம். முதலில் எல்லாரும் சொன்னது வோல்டேஜ். அந்தக் காலத்தில் கிராமத்தில் கரண்ட் மங்கலாக வரும், அதனால் மெதுவாக ஓடியிருக்கும் என்று. இண்டக்ஷன் மோட்டார் லேசான பாரத்தில் வோல்டேஜ் குறைந்தாலும் சுற்று அவ்வளவாகக் குறையாது, இது என் தொழில், இருந்தாலும் வேரியாக் (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கிற கருவி) வைத்துக் குறைத்துப் பார்த்தேன். வித்தியாசம் இல்லை. பெல்ட் வழுக்கியிருக்குமோ என்று தளர்த்திப் பார்த்தோம், அப்போது எல்லாமே தாமதமானது, மரக்கால் மட்டும் இல்லை. அடுத்து நான் சந்தேகப்பட்டது நான் கடைந்து போட்ட கன்மெட்டல் புஷ்ஷை. பழையது முட்டை வடிவில் தேய்ந்திருந்தது, அந்தத் தொளதொளப்பில்தான் நிற்பு வந்திருக்கும் என்று எனக்கு ஏறக்குறைய நிச்சயம். பீரோவிலிருந்து பையைப் பிரித்துப் பழைய புஷ்ஷையே திரும்ப மாட்டினோம். காயலான் கடைக்குப் போட்டிருந்தால் இதைச் சோதித்திருக்கவே முடியாது, இன்றைக்கு வரை புஷ்ஷின் மேல் பழி போட்டுக்கொண்டிருப்பேன். ஓட்டினோம். கடகடவென்று சத்தம் கூடியது, மரக்கால் அதே மாதிரி தண்ணியாகத்தான் ஊற்றியது.

அப்போது அந்த அம்மா மகளின் கல்யாண கேசட்டைக் கொண்டுவந்தார். வி.எச்.எஸ். டேப், பூஞ்சை பிடித்திருந்தது, தஞ்சாவூரில் துடைத்து மாற்றிக் கொடுத்தார்கள். மாப்பிள்ளை அழைப்புக்கு நடுவில் வீடியோக்காரர் திண்ணைப் பக்கம் கேமராவைத் திருப்பியிருக்கிறார். மெஷின் ஓடுகிறது, ஒன்றரை நிமிடம். சத்தம் இல்லை, அந்த இடம் முழுக்கக் கல்யாணப் பாட்டைப் போட்டு மூடியிருக்கிறார்கள். பரவாயில்லை, படம் இருக்கிறது. வினாடிக்கு 25 ஃபிரேம். ஒவ்வொன்றாக நகர்த்தி எண்ணினோம். மரக்கால் அசைய ஆரம்பித்ததிலிருந்து முதல் நெல் விழும் வரை 140 ஃபிரேம். நாங்கள் ஓட்டியதைப் படம் எடுத்து எண்ணினால் 82. மாஸ்டருடைய மரக்கால் எங்களுடையதைவிட இரண்டு வினாடிக்கு மேல் நிற்கிறது, அதுவும் இன்னும் அதிகமாகச் சாய்ந்து. அப்படியென்றால் இயந்திரத்தில் பிழை இல்லை. நெல்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

படத்தை இன்னொரு தடவை பார்த்தபோது திண்ணை மூலையில் மூட்டைகள் அடுக்கியிருந்தது கண்ணில் பட்டது. கல்யாணம் எப்போது என்று கேட்டேன். "தை மாசம். அறுப்பு முடிஞ்ச கையோட" என்றார் அம்மா. மெஷினுக்கு எந்த நெல்லைப் போடுவார் என்று கேட்டேன். அவருக்கு என் கேள்வி விநோதமாக இருந்தது. "களத்துலேருந்து வந்ததத்தான் போடுவாரு. ரெண்டு நாள் ஓட்டிட்டு, அவிச்சு அரைக்கப் போயிடும்."

புது நெல்லைக் கையில் அள்ளிப் பாருங்கள். உமியின் மேல் கண்ணுக்குத் தெரியாத சுணை இருக்கும், களத்தில் வேலை செய்தால் உடம்பெல்லாம் அரிப்பது அதனால்தான். அந்தச் சுணைதான் ஒரு மணியை இன்னொரு மணியோடு பிடித்துவைக்கிறது. ஈரமும் சேர்ந்தால் பிடி இன்னும் கூடும். நாங்கள் போட்டது பழைய நெல், காய்ந்தது, தூற்றிச் சலித்தது, அதற்கும் மேல் மூன்று வாரம் எலிவேட்டரில் ஏறி இறங்கித் தேய்ந்தது. தடவிப் பார்த்தால் வழவழவென்று இருந்தது, கூழாங்கல் மாதிரி. அந்த வழவழப்பு இத்தனை நாள் என் விரலுக்கு அடியில் இருந்தும் நான் கவனிக்கவில்லை.

தை பிறக்க ஐந்து வாரம் காத்திருந்தோம். அம்மாவின் பக்கத்து வயலில் அறுத்ததும் இரண்டு மூட்டை வாங்கினேன். ஈரம் 19 சதவீதம். கொள்முதல் நிலையத்தில் 17-க்கு மேல் இருந்தால் தள்ளிவைப்பார்கள் என்பது எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், அந்தக் கணக்கிலேயே ஒரு வெயில் காட்டினேன், 17-க்குக் கொஞ்சம் கீழே வந்தது. தூற்றவில்லை, சலிக்கவில்லை. கொட்டி ஓடவிட்டோம். மரக்கால் சாய்ந்தது. ஒரு மணிகூட விழவில்லை. இன்னும் சாய்ந்தது. கடையில் இருந்த ஆறு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம், வாய் திறந்த மரக்கால், உள்ளே நெல் சுவர் மாதிரி நிற்கிறது, பிறகு ஒரே இழுப்பில் தொப்பென்று படியில் விழுந்தது. எண்ணிப் பார்த்தால் 137 ஃபிரேம். எதிர் எடையின் நான்கு பள்ளத்தில் எது என்பதையும் அன்றைக்கே முடிவு செய்தோம். கொட்டியபின் மரக்கால் துள்ளித் திரும்புகிற விதம் வீடியோவோடு ஒத்துப்போனது மூன்றாவது பள்ளத்தில்தான்.

அம்மா வந்து பார்த்தார். யோசிக்கிறதா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. ரொம்ப நேரம் கழித்து, "நெல்லு வாசனையும் வந்துடுச்சு" என்றார்.

இதற்குப் பிறகு காட்சியகத்தில் வைக்கிற வேலை. இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புது நெல் என்றால் அந்துப்பூச்சியும் வண்டும் கூடவே வரும், மியூசியத்துக்குள் அது ஆகாது. மருந்து புகை போடுவதற்குப் பதிலாக, காற்றுப் போகாமல் இரட்டை பாலிதீன் பையில் கட்டி, ஐஸ்கிரீம் மொத்த வியாபாரி ஒருவரின் டீப் ஃபிரீசரில் மைனஸ் 20-ல் இரண்டு வாரம் வைத்து எடுக்கிறோம். முட்டையும் புழுவும் செத்துவிடும், ஈரமும் சுணையும் அப்படியே இருக்கும். மணிக்கு ஒரு தடவை நான்கு நிமிட ஓட்டம், ஒரு நாளைக்கு எட்டுத் தடவை, மொத்தம் 64 சுற்று. கண்ணாடிக் கூண்டு போடவில்லை, போட்டால் சத்தமும் வாசனையும் உள்ளேயே நின்றுவிடும். கயிறு கட்டியிருக்கிறோம். ஓட்டக் கணக்கு நோட்டு ஒன்று உண்டு. அதில் தினமும் சுற்று எண்ணிக்கை, வாரம் ஒரு முறை மரக்கால் நிற்கிற ஃபிரேம் எண்ணிக்கை. 115-க்குக் கீழே போனால் நெல் மாற்ற வேண்டும். பக்கத்தில் வைத்த பலகையில் எது மாஸ்டர் செய்தது, எது நாங்கள் மாற்றியது என்று முழுதாக எழுதியிருக்கிறது. மூன்று நெம்புகோலில் பெயிண்ட் அடையாளம் பழுதுபார்க்கும்போது அழிந்தது என்பதும் அதில் இருக்கிறது, நான்தான் எழுதச் சொன்னேன்.

சிமெண்ட் கையில் சுண்டுவிரல் பக்கம் ஒரு வெடிப்பு இருக்கிறது. அதைப் பூசவா என்று கேட்டேன். கஜாவில் வந்த வெடிப்பா, மாஸ்டர் இருக்கும்போதே வந்ததா என்று தெரியாத வரைக்கும் தொட வேண்டாம் என்றார் தஞ்சாவூர்ப் பெண். கல்யாண வீடியோவில் அந்தக் கை ஒரு நொடி வருகிறது, அந்த இடத்தை ஒரு மாலை மறைக்கிறது. தொடவில்லை.

போன வாரம் நோட்டைப் பார்த்தேன், 118. மார்கழி வரைக்கும் தாங்கும். அம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன், இந்தத் தையில் உங்கள் பக்கத்து வயல் நெல்லே வேண்டும் என்று. இந்த வருடம் தண்ணீர் லேட்டாக வந்ததால் நடவு தள்ளிப்போயிருக்கிறது, அறுப்பு மாசிக்குப் போனாலும் போகும் என்றார். அதுவரை வேறு எங்கேயாவது முன்னாடி அறுக்கிற வயலில் ஒரு மூட்டை பிடிக்க வேண்டும். நீடாமங்கலம் பக்கம் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.